ஆகாயத்தாமரையும் உன் பொடிக்கெண்டைகளும்

இன்று காலை உன் பச்சை வாளியை எடுத்தேன். எத்தனை முறை தேய்த்தும் அதில் மீன் கவிச்சி போகவில்லை. பிடி அறுந்த இடத்தில் நீ சுற்றிவைத்த நைலான் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் குளத்துக்கு நடந்தேன்.

கொல்லையில் குளம் வெட்டியது உன் யோசனை. என் கத்தரிப் பாத்தி இருந்த இடம்தான் உனக்குக் கிடைத்தது. தங்கை கேட்டால் உன் அண்ணன் மறுப்பாரா? முதலில் பொடிக்கெண்டை பெருகட்டும், அதைத் தின்ன அப்புறம் விரால் குஞ்சு விடலாம் என்றாய்.

"கடைத் தீவனம் தின்ன விரால்ல என்ன ருசி இருக்கும் அண்ணி?" என்று உதட்டைச் சுழித்தாய்.

வாய்க்காலில் வலை போடுகிறவரிடம் ஒரு வாளிப் பொடி வாங்கிவந்து விட்டாய். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரே ஆள் வைத்து வாய்க்காலிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளி வெளியே எறிந்துகொண்டிருக்க, நீ அதை வாளியில் சுமந்துவந்து நம் குளத்தில் மிதக்கவிட்டாய். தண்ணீரே தெரியாமல் மூடிவிடும், கொசு வரும் என்று நான் இழுத்துக் கரையில் போடுவேன். மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தால் மறுபடி மிதக்கும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இருங்க அண்ணி, பாருங்க."

சமையலோ சண்டையோ, எல்லாவற்றுக்கும் உனக்கு அதுதான் பதில். எதையாவது முழுசாகச் சொல்லியிருக்கிறாயா நீ? மார்கழியில் நெஞ்சை அடைக்கிறது என்று ஆட்டோவில் ஏறும்போதும் அதையேதான் சொன்னாய். இருந்தேன். பார்த்தேன். நீ வரவில்லை.

காரியம் முடிந்ததும் குளத்தை ஓர் இலை விடாமல் சுத்தம் செய்தேன். நீ இருந்தபோது கரையோரம் மொய்த்துக்கிடந்த பொடி அதன்பிறகு குறைந்துகொண்டே வந்தது. தவிடு போட்டேன், புண்ணாக்கு ஊறவைத்துக் கரைத்தேன். புதிதாக வாங்கி விட்டதையும் மீன்கொத்தி தின்றதுதான் மிச்சம். பெருகவே இல்லை.

"கார் நிறுத்த எடமில்ல. ஆடிப்பெருக்கு வரைக்கும் பாப்பேன், அப்புறம் மண்ணடிச்சிருவேன்" என்றார் உன் அண்ணன்.

அவருக்கு அது வெறும் பள்ளம். எனக்கு, நீ இந்த வீட்டில் விட்டுப்போன கடைசி வம்பு. அதையும் மூடிவிட்டால் நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. நேற்று அங்கே சுத்தம் செய்த ஆட்கள் வீசியதில் ஒரு கொத்து ஆகாயத்தாமரை வேலியைத் தாண்டி நம் குளத்தில் விழுந்திருக்கிறது. இருக்கிற எரிச்சல் போதாதா? வாளியில் அள்ளி எறியத்தான் இன்று போனேன். கொத்தைத் தூக்கினால், கறுத்த வேர் முழுக்க ரவை ரவையாக முட்டை.

நின்றுவிட்டேன். முட்டையை ஒட்டிவைக்க ஒரு வேர் வேண்டும் அந்தக் கெண்டைகளுக்கு. அவ்வளவுதான் விஷயம். "முட்டை வைக்கத்தான் அண்ணி" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உன் வாய் வலித்திருக்குமா? இத்தனை மாதம் புண்ணாக்கைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேனே. கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொத்தை மெல்லத் தண்ணீரில் விட்டேன். வாய்க்கால் கரையில் குவித்திருந்ததிலிருந்து இன்னொரு வாளி அள்ளிவந்து கவிழ்த்தேன்.

உன் அண்ணன் பல்குச்சியோடு வந்து நின்றார். "உனக்கென்ன பைத்தியமா? அந்தக் குப்பைய ஏன் உள்ள கொட்டுற? நாளைக்கு மண்ணு வண்டி வருது."

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருங்க, பாருங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பல்குச்சியை எறிந்தார். அப்புறம் என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். கயிறு கையை அறுக்கும் என்று நான் சொல்லவில்லை.