பிளாஸ்டிக் சிலிண்டருக்கும் ஓர் அட்டை

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. முதுகு வலி தேவலையா? அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, நீயாக எதைச் சொன்னாய்?

போன வாரம் உன் ஆட்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, தீயணைப்பு சிலிண்டர்கள் அறுபதிலும் புதுப் பொடி நிரப்பியதாக அட்டை கட்டிவிட்டுப் போனார்கள். இன்று புது நர்ஸ்களுக்கு நான் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தேன். பயிற்சி அறையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் சிலிண்டர், பிடிக்கும் விதத்தைக் காட்டுவதற்காக வைத்திருக்கிறோம். அதன் கழுத்திலும் உன் அட்டை தொங்குகிறது. ‘பொடி நிரப்பப்பட்டது, அழுத்தம் சரி.’ கீழே உன் கையெழுத்து.

“மேடம், இதுக்குள்ள எப்படிப் பொடி போட்டாங்க?” என்று ஒரு நர்ஸ் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம் சந்தேகம் வந்தது. பிறந்த குழந்தைகள் வார்டு வாசலில் இருந்ததை வெளியே கொண்டுபோய் அழுத்தினேன். புஸ்ஸென்றுகூடச் சத்தம் வரவில்லை. அங்கே இப்போதைக்குக் கடையிலிருந்து புது சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று எழுது. போனில் வேண்டாம், பேசியே என்னைக் கவிழ்த்துவிடுவாய்.

உன் தங்கை

ஜூன் 7

வாலுக்கு,

பிளாஸ்டிக்கிலுமா கட்டினார்கள், மடையர்கள். அவர்களைத் திட்டி என்ன பயன், கையெழுத்து என்னுடையதுதானே. ஒரே வாரத்தில் நாலு கட்டடத்து வேலையும் சேர்ந்து வந்து விழுந்தது. டிவி பார்த்துக்கொண்டே அட்டைகளில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஆறு வருடமாக அப்படித்தான். இந்தத் தொழிலில் யார்தான் செய்யவில்லை? தீப்பிடித்தால்தானே தெரியும் என்று ஒரு தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சத்தமில்லாமல் அறுபதையும் நிரப்பித் தருகிறேன். மேலிடத்துக்கு எழுதிப் போடாதே. என்னை நம்பிப் பதினெட்டுக் குடும்பம் இருக்கிறது. சின்ன வயதில் உன் தில்லுமுல்லு எத்தனையை அப்பாவிடம் மறைத்திருப்பேன்? ஒரே ஒரு தடவை எனக்காக வாயை மூடிக்கொள்ளக் கூடாதா?

அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அழுதேன். முகம் கழுவிக்கொண்டு நிர்வாகியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் உன் தங்கை என்பதையும் சேர்த்து. ஆறு வருடத்துக்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் ஆட்கள்தானே என்று ஒரு சிலிண்டரைக்கூட நான் தூக்கிப் பார்த்ததில்லை. வருடா வருடம் ‘சரிபார்த்தேன்’ என்று பதிவேட்டில் எழுதியவள் நான்தான். நீ ஏமாற்ற வசதி செய்து கொடுத்திருக்கிறேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

உன் ஒப்பந்தம் ரத்து. இனி யார் வந்தாலும் ஐந்து சிலிண்டரை எல்லார் முன்னாலும் அழுத்திக் காட்ட வேண்டும். எந்த ஐந்து என்று அன்று காலை நர்ஸ்கள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சரிபார்ப்பவரின் சொந்தக்காரருக்கு வேலை கிடையாது. இரண்டு விதியையும் நானே எழுதி, பிடிவாதமாக நின்று ஒப்புதல் வாங்கினேன். இனி இங்கே எவனாவது என்னை ஏமாற்றட்டும், பார்க்கிறேன்.

திட்ட வேண்டுமானால் திட்டு. மற்ற மூன்று கட்டடம் எவை என்று நான் கேட்கவில்லை. நீயே போய்ச் சொல்லிவிடுவாய், என் அண்ணனை எனக்குத் தெரியும்.

உன் தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

நாலைந்து நாள் உன் பேரைச் சொன்னாலே எரிந்து விழுந்தேன். “அவ செஞ்சது தப்புன்னா, நீங்க ஏன் சாப்பாட்டைத் தள்ளி வைக்கறீங்க?” என்று உன் அண்ணி கேட்டாள். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

மூன்று இடத்துக்கும் நானே போய் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு இடத்தில் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள், என் ஆட்களை அதை வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றுவேன்.

முதலில் போனது உன் மகள் படிக்கும் பள்ளிக்கு. அங்கேயும் நம் சிலிண்டர்தான், உனக்குத் தெரியாது. தலைமையாசிரியை முன்னால் இருபதையும் மைதானத்தில் வைத்து அழுத்தினேன். ஒன்பது வேலை செய்யவில்லை. இருபதையும் என் கையாலேயே நிரப்பி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன்.

கடைசிச் சிலிண்டர், நான்காம் வகுப்பு வாசலில். மாட்டிவிட்டுத் திரும்பினேன். உள்ளேயிருந்து உன் மகள், “அதோ, எங்க மாமா” என்று பக்கத்துப் பிள்ளையிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன்