தபோதரனின் இரண்டு ஐரோப்பா

மார்ச் 22, 2025 — கொலோன்

காலையில் உடுப்புத் தோய்த்தேன். மத்தியானம் கட்சிக் கூட்டம். நகரசபைத் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தில் வேட்பாளர் நான்தான் என்று போன வருடமே சொல்லியிருந்தார்கள். இன்று வாசித்த பெயர் தபோதரன். நான் கட்சிக்குக் கூட்டிவந்த பெடியன்! "அப்போ ஜசிந்தா?" என்று யாரோ என்னைக் காட்டிக் கேட்டதற்கு அவனே எழுந்து சிரித்தபடி ஜேர்மனில் சொன்னான்: "அவர் மொழிபெயர்ப்புக்கு நல்லவர்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்?

மார்ச் 23

உவனை விடமாட்டன்.

மே 17

ஜேர்மன்காரருக்கு நடந்த கூட்டத்தில் தபோதரன் பேசினான். ஐரோப்பா வேண்டுமாம், ஆனால் எல்லைச் சோதனை நிரந்தரமாக வேண்டுமாம். யார் உள்ளே வருவது என்பதை பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தீர்மானிக்கக் கூடாதாம். எந்தக் கட்சியை எடுத்தாலும் இதே கதைதான். "ஐரோப்பா" எல்லோருக்கும் ஒன்று, "ஆனால்" மட்டும் கட்சிக்குக் கட்சி வேறு. எங்கள் கட்சிக்கு கேட்கிற ஆளுக்கு ஆள் வேறு. போன மாதம் தமிழருக்கு அடித்த துண்டுப்பிரசுரத்தில் "எல்லை இல்லாத ஐரோப்பா" என்று இருக்கிறது. அதை எழுதியவள் நான்.

ஜூன் 11

தபோதரன் போன் எடுத்தான். தமிழ்ச் சங்க மண்டபத்தில் பேச வேண்டுமாம். பிரெஞ்சு, டச்சுப் பாஸ்போட்டோடு இங்கே குடியிருக்கும் எங்கள் ஆட்களும் நகரசபைக்கு வாக்குப் போடலாம், அந்த வாக்கு அவனுக்கு வேண்டும். "அக்கா, நீங்கள் இல்லாட்டி எனக்கு ஏலாது. ஐரோப்பாவைப் பற்றி வடிவா எழுதித் தாங்கோ."

ஓம் என்றேன். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழை ஜேர்மன் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பான். வீட்டுத் தமிழுக்கு மேலே போனால் பாதி விளங்காது. எனக்கு அது போதும்.

ஜூன் 14

எழுதி முடித்தேன். ஒரு பொய்யும் இல்லை. மே மாதம் ஜேர்மன்காரருக்குச் சொன்னது அப்படியே, நல்ல மேடைத் தமிழில். மொழிபெயர்ப்புக்கு நல்லவள்தானே நான்!

ஜூலை 5

மண்டபம் நிறைந்த சனம். வாசித்தான். "எல்லைகளைக் காப்பதே எம் முதற் கடமை. எவர் வரலாம், எவர் வரக்கூடாது என்பதை நாமே தீர்மானிப்போம்." என்ன வாசிக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. யார் முதலில் எழும்பிக் கத்தப்போகிறார் என்று நான் பின்வரிசையில் காத்திருந்தேன்.

கைதட்டல்தான் வந்தது. ரகுநாதன் அண்ணை, பாரிஸிலிருந்து வந்து இங்கே பலசரக்குக் கடை நடத்துகிறவர், எழும்பி நின்று தட்டினார். போகும்போது என்னிடம், "பெடியன் நல்லாக் கதைச்சவன். இப்ப வாறவையாலைதானே எங்களுக்கும் கெட்ட பேர்" என்றார்.

நல்லாக் கதைச்சது அவனோ? நானெல்லோ! பாவி, எனக்கு ஏன் உவ்வளவு நல்லா எழுத வந்தது?

செப்டெம்பர் 14

தபோதரன் வென்றுவிட்டான். "நன்றி அக்கா" என்று செய்தி, கும்பிடும் படத்தோடு. வாசித்துவிட்டு அழித்தேன்.

ஒக்டோபர் 19

பாரிஸில் ஒரு கலியாணம் முடிந்து ரயிலில் திரும்பினேன். எதிர் இருக்கையில் ரகுநாதன் அண்ணை, அவரும் அதே கலியாணத்துக்கு வந்தவர். ஜேர்மன் எல்லை தாண்டியதும் ஆகனில் பொலிஸ் ஏறியது. அந்தப் பெட்டியில் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் பாஸ்போட் கேட்டார்கள். அவருடைய பிரெஞ்சுப் பாஸ்போட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், பையைத் திறக்கச் சொன்னார்கள். பலகாரப் பெட்டியையும் திறந்து காட்டினார். பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

பொலிஸ் இறங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, உந்தத் தபோதரன் சொன்னது எங்களையுமோ?"

"ஓம் அண்ணை. எங்களையும்தான்."

அவர் பலகாரங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். "அடுத்த முறை உவனுக்குப் போடமாட்டன்" என்றார்.

ஒரு வாக்கு. அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஐந்து வருடம் கிடக்கிறது.