உப்பில்லாத சரித்திரம்

அக்கா,

இன்று காலை ஊசி குத்துமுன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் தடவியதும், அந்த வாடையோடு உங்கள் குரலும் வந்துவிட்டது. "ஏய் கறம்பக்குடி, இன்னைக்கு என்ன நாளு தெரியுமா?" என் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவீர்கள். திரும்பிப் பார்த்தேன். உங்கள் கட்டிலில் வேறு யாரோ போர்த்திப் படுத்திருந்தார்கள்.

டயாலிசிஸுக்கு வந்த புதிதில் நான் யாரோடும் பேசமாட்டேன். உப்பு கிடையாது, தண்ணீரும் அளவுதான், வாரத்துக்கு இரண்டு நாள் மிஷினோடு கிடக்க வேண்டும். இப்படி ஒரு பிழைப்பு எதற்கு என்றிருந்தது. நீங்களோ மணமேல்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த மிடுக்கோடு, அன்றைய தேதியின் சரித்திரத்தை வார்டுக்கே வாசிப்பீர்கள்.

காந்தி தண்டியில் உப்பு அள்ளிய நாளன்று, "இன்னைக்கு நாம அள்ளுனா வெள்ளைக்காரன் வேணாம், டாக்டரே உள்ள தள்ளிருவாரு" என்றீர்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாளில் நான் தண்ணீர் தண்ணீர் என்று புலம்ப, "ராசாவே ராச்சியத்த விட்டுக் குடுத்துட்டாரு. நீ ஒரு தம்ளரு தண்ணிய விட மாட்டேங்கிற!" என்றீர்கள். மூக்கில் புரையேறும்வரை சிரித்தேன். நீங்கள் சொன்னதில் பாதி புளுகு என்பது என் எண்ணம். கேட்டால், நகல் எடுத்துக் கோப்பில் வைத்ததுபோல, "ஆபீஸ் காப்பி இருக்குடி" என்பீர்கள்.

அப்படியும் ஒருநாள் எனக்கு எல்லாம் வெறுத்துப்போனது. இனி போகமாட்டேன் என்று வீட்டில் படுத்துவிட்டேன். பிள்ளைகள் அழுதும் அசையவில்லை. உங்கள் போன் வந்தது. "இன்னைக்குப் பெரிய நாளு. போன்ல சொல்ல முடியாது. கெளம்பி இங்கிட்டு வா."

சிடுசிடுத்துக்கொண்டேதான் வந்தேன். ஊசி ஏறி, மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு, "என்ன நாளு, சொல்லித் தொலைங்க" என்றேன்.

"வரமாட்டேன்னு சொன்னவ வந்து சேந்த நாளு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நான் ஒரு முறைகூடத் தவறவில்லை. போன மாதம் பேத்தி பிறந்தாள், அக்கா. கையில் வாங்கினேன். அந்தப் பாக்கியம் நீங்கள் கொடுத்தது.

நேற்று உங்கள் மகன் பேசினார். "அம்மாவோட வருசத் திதி வியாழக்கிழமை வருது சின்னம்மா. அவசியம் வந்துருங்க." தேதி தவறாமல் வாழ்ந்த உங்களைத் திதியில் சேர்த்துவிட்டார்கள். இனி வருசா வருசம் உங்கள் நாள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் ஆபீஸாக இருந்தால், இப்படித் தேதி நிலையில்லாத காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

"வர முடியாது தம்பி" என்றேன். "வியாழக்கிழமை எனக்கு டயாலிசிஸ்."

அவர் மெல்லச் சொன்னார்: "அத விட்டுட்டு நீங்க இங்க வந்து நின்னீங்கன்னாத்தான் அம்மா திட்டும், சின்னம்மா."