இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்

பாத்திரம் கட்டுவதற்காக நேற்று ஒரு பழைய தேயிலைப் பெட்டி வாங்கி வந்தார்கள். அடுத்த மாதம் நாங்கள் எர்ணாகுளம் பக்கம் தேவராவுக்கு வீடு மாற்றுகிறோம். மூடியைத் திறந்ததும் தேயிலைத் தூள் வாசனை குப்பென்று அடித்தது. உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயத்தாள் மூலைகளில் கிழிந்து தொங்கியது. கையிலிருந்த வெண்கல உருளியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னை நினைத்து அழுதேன் என்று எழுத ஆசைதான். வந்தது அழுகையில்லை, எரிச்சல்.

மட்டாஞ்சேரியில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நம் வீட்டுக்காரர்கள் ஜூ டவுன் மிளகுக் கிடங்குகளில் கணக்கு எழுதப் போயிருப்பார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில், மாமியார்கள் உறக்கத்தில். தெருக்குழாயில் தண்ணீர் வருவது நாலு மணிக்குத்தான். இரண்டு மணிக்கு நீ கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். நான் வாரப்பத்திரிகையோடு கவிழ்ந்து படுத்துக் கிடப்பேன். கிடங்கில் உடைத்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளிலிருந்து உன் அகத்துக்காரர் கொண்டுவந்த ஈயத்தாளை நீ வெட்டிக்கொண்டிருப்பாய். கோடு போட்டுக்கொள்ள மாட்டாய். வெட்டியதைக் கிழிந்த குடைத் துணியில் மைதாப் பசையால் ஒட்டுவாய். சீனவலை, சுக்கு காயும் முற்றம், எர்ணாகுளம் போகும் படகு எல்லாம் அந்தக் கறுப்புத் துணியில் மினுங்கும்.

ஒருநாள் நாலு மணி வரைக்கும் எதையும் வெட்டாமல், ஜன்னல் வழியே மூட்டையின்மேல் தூங்கும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாய். பொழுதை இப்படிப் போக்குகிறாளே என்று எனக்கே தோன்றியது. மறுநாள் அந்த ஆடு தாளில் வந்துவிட்டது, காதை ஆட்டிவிடும் போல. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் எதற்கும் இல்லை என்பாய். “ரெண்டு மணிக்கு மேல நான் யாருக்கும் ஒண்ணுமில்லைடி,” என்று ஒரு தடவை சொன்னாய். அவ்வளவு சந்தோஷமாக நீ வேறெதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

கறுப்புத் துணி சுவரில் தொங்கக்கூடாது என்று உன் மாமியார் சொல்லிவிட்டாள். சுருட்டிக் கட்டிலடியில் போட்டாய். அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பாய். நம் தெரு உன்னைப் பாராட்டத் தொடங்கியதுதான் வினையாயிற்று. கை இவ்வளவு நன்றாக இருக்கிறதே, கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு இவளையே பண்ணச் சொன்னால் என்ன என்று யாரோ ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு மாமி நேரில் வந்தாள். “நீ மத்தியானம் வெறுதே தானே இருக்காய்?” என்றாள். சும்மா என்பதற்கு நம் தெருவில் மலையாளம்தான். அதட்டலில்லை, வாயெல்லாம் சிரிப்பு. எப்படி மறுப்பாய்?

முதல் கல்யாணத்துக்கு நீ எவ்வளவு ஆசையாகப் பண்ணினாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் மூச்சுக்காட்டவில்லை. தட்டின் நடுவில் ஈயத்தாளில் வெட்டிய படகுத்துறை, கரையை விட்டு நகரும் படகு, அதில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அலைக்கு மட்டும் நீல அரிசி. உன் கையில் வந்ததிலேயே அதுதான் உசத்தி. மாப்பிள்ளையின் அத்தை தட்டை வாங்கிப் பார்த்தாள். “இதென்ன, பொண்ணு திரும்பிப் போறாப்பல இருக்கு? நல்ல நாளும் அதுவுமா,” என்றவள் குங்குமக் கரண்டியாலேயே அதைச் சுரண்டினாள். தாள் சுருண்டு சுருண்டு வந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் முகம் சுளிக்க வேண்டுமே. நீ தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மஞ்சள் அரிசியில் இரண்டு அன்னங்களைப் போட்டுக் கொண்டுவந்தாய். எல்லோருக்கும் திருப்தி.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ அழவில்லை. “அவா கேட்டது ஒரு தட்டுடி. என்னைக் கேக்கறான்னு நெனைச்சுண்டுட்டேன்,” என்றாய்.

அப்புறம் எல்லாம் அன்னம்தான். அன்னம், தாமரை, சங்கு, மறுபடி அன்னம். கல்யாணம் இல்லாத மாதம் சீமந்தம், அதுவும் இல்லாவிட்டால் யாருக்காவது அறுபதாம் கல்யாணம். இரண்டு மணிக்கு நீ வருவது நின்றது. ஒருநாள் நான் உன் சமையலறைக்கு வந்தபோது, மிச்சமிருந்த ஈயத்தாளை மடித்து ஊறுகாய் ஜாடியின் வாயில் கட்டிக்கொண்டிருந்தாய். ஆட்டை இனிமேல் வெட்டமாட்டாயா என்றேன். “எந்த ஆடு?” என்றாய். நடிக்கவில்லை. நிஜமாகவே உனக்கு நினைவில்லை.

மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து நீ போனாய். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். ஒரு நிமிஷத்தை வீணாக்கமாட்டாளாம். மிச்சம் வைக்காமல் எல்லா நிமிஷத்தையும் வாரிக்கொண்டவர்கள் பாயசம் குடித்தபடி அதைச் சொன்னார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டு எழுந்தேன், பொய்யில்லை.

போன வாரம் எதிர்வீட்டு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீ போன பிறகு பிறந்த என் கடைசிப் பெண் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கரியால் எதையாவது இழுத்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு அதுவும் இல்லை, தரையில் மல்லாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் கல்யாணம், தட்டுக்கு இவளை அனுப்பு, வெறுதே தானே கிடக்கிறாள் என்றாள் மாமி.

“அவளுக்கு ஒழிவில்லை மாமி. வேலையா இருக்கா,” என்றேன்.

மாமி கீழே கிடந்தவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குத் திமிர் என்று தெருவில் இப்போது பேச்சு. அவள் போனதும் என் பெண் எழுந்து உட்கார்ந்தாள்.

“நான் சும்மாதானேம்மா இருக்கேன்? எதுக்குப் பொய் சொன்னாய்?”

அது பொய்யில்லை, படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்தினேன். அவளுக்கு உன்னைத் தெரியாது. உன்னால் எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். அதை அவளுக்குக் காவல் வைத்திருக்கிறேன்.