கம்பளி போர்த்திய கணினி

ஐயா,

இன்று காலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரோ நனைந்த கம்பளியை அடுப்பருகே உலரப் போட்டிருந்தார்கள். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சூடேறிய ஈரக் கம்பளியின் வாடை வந்ததும் என் கை தானாகவே மேசையை நோக்கி நீண்டது. கணினி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது, அதன்மேல் ஒன்றுமில்லை. இருந்தும் தொட்டுப் பார்த்த பிறகே என் மூச்சு சீரானது. நீங்கள் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. உங்களை நினைவுகூர எனக்கு இந்த வாடை போதும்.

நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தின் பெரிய கிளாக்கர். நானோ பத்தாம் வகுப்போடு கூடை சுமக்கச் சென்று, ஓர் அகராதியைக் கொண்டு ஆங்கிலத்தையும், யாரோ கழித்துவிட்ட பழைய கணினியைக் கொண்டு மற்றதையும் தானே கற்றுக்கொண்டவள். கொழுந்துத் தராசோடு இணைப்பதற்கென அந்தத் தடித்த மடிக்கணினி வந்து, அதை என் பொறுப்பில் விட்ட அன்று, கொண்டுவந்தவர் சிங்களத்தில் விளக்கினார்: மழைக்கும் அஞ்சாது, கீழே விழுந்தாலும் உடையாது. நீங்கள் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கருங்கல்லு மாதிரி இருக்கு. இதுக்குப் போய் ஒரு பொம்பள காவலா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதன் கையேட்டை ஒன்பது நாள் அமர்ந்து படித்தேன். நீரும் தூசியும் புகாதவாறு அடைக்கப்பட்ட உடல் அது. உள்ளே விசிறி கிடையாது. ஓட ஓடப் பிறக்கும் வெப்பம் முழுவதும் அதன் உலோகக் கூட்டின் வழியாகவே வெளியேற வேண்டும். காலை முதல் கடைசி நிறுவை வரை ஓயாது உழைக்க வேண்டிய இயந்திரம் என்பதால், இரண்டு மரச் சட்டங்களின்மேல் அதை உயர்த்தி வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினேன். திரையின் ஒளியைக் குறைத்தேன். வேண்டாத செயலிகளை மூடினேன். மின்கலம் நிரம்பியதும் மின்கம்பியைக் கழற்றினேன். பங்குனி வெயில் தகரக் கூரையைச் சுட்ட வேளைகளில் மேசையையே நிழலுக்கு இழுத்தேன்.

உங்களுக்கோ வெப்பம் ஒரு பகையாகவே தோன்றவில்லை. நம் மலையில் யாருக்குத்தான் தோன்றும்? பிள்ளை பிறந்தாலும் போர்த்துகிறோம், மாடு ஈன்றாலும் போர்த்துகிறோம், வானொலிப் பெட்டிக்கும் உறை தைக்கிறோம். பள்ளத்திலிருந்து மூடுபனி மடுவத்துக்குள் ஏறிய அந்தக் காலையில், உங்கள் தோளில் பனியில் நனைந்திருந்த கம்பளியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கணினியின்மேல் போர்த்தினீர்கள்.

"ஐயா, அதுல இருந்து சூடு வெளிய போகணுங்க. போத்தினா அணைஞ்சு போயிருங்க."

"நுவரெலியாக் குளிருல சூடாம்! எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"அதோட புத்தகத்துலதாங்க."

"புத்தகம் எழுதினவன் இந்தப் பனியப் பாத்திருக்கானா? நான் பாத்திருக்கேன். தொடாத."

இரண்டு முறை அகற்றினேன். இரண்டு முறையும் மீண்டும் போர்த்தினீர்கள். பிறகு ஏதோ ஒரு கடதாசி வேண்டுமென்று என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்பினீர்கள். நான் திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. மடுவமெங்கும் இதே வாடை. காலையில் நிறுத்த கொழுந்தின் பதிவுகள் அலுவலகத்துக்குச் செல்லும் முன்னரே அழிந்திருந்தன. அன்று அத்தனை பெண்களுக்கும் அரைப்பேர். அரை நாள் வேலை மட்டுமே அவர்கள் பெயரில் எழுதப்பட்டது. என் சொந்த அண்ணியே மழைச்சாக்கை உதறிக்கொண்டு, "ஒன் பொட்டிக்குப் பசிச்சிருச்சாடி? எங்க கொழுந்தெல்லாம் தின்னுபுட்டுப் படுத்திருக்கு!" என்றார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் கம்பளி இல்லை. "இப்பெண்ணின் கவனக்குறைவு" என்ற இரண்டு சொற்கள் இருந்தன. வாசலில் நின்று உங்களிடம் கேட்டேன்.

"யாரு போத்தினதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"போத்தினது நான்தான். எடுக்காம விட்டது யாரு?"

கணினியிலிருந்து விலக்கப்பட்டு, பதினான்கு மாதம் நான் மீண்டும் கொழுந்து பறித்தேன். பழுது நீக்கித் திரும்பி வந்த இயந்திரம் உங்கள் கையில் அடிக்கடி அணைந்தது. கொழுந்து மிகுந்த பருவத்தில், புதிதாக வந்த துரை என்னை மீண்டும் கணினி வேலைக்கு அழைத்தார். கூடையோடு நேரே உங்கள் முன் வந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்தக் கடிதத்தை மீளப் பெறுங்கள். நீங்கள் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "அது ஃபைல்ல போயிருச்சும்மா. இனி எடுக்க ஏலாது."

ஆகவே அதற்குரிய ஈட்டை நான் வேறு வழியில் எடுத்தேன். உங்கள் நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில், விதிகளை அச்சிட்டு ஒட்டினேன். முதல் விதி: 'இயங்கும் கணினியைக் கம்பளியால் போர்த்துதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.' எஞ்சியதைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இரண்டு போர்வை போட்டால், "என்னடி, கிளாக்கர் வைத்தியமா?" என்றார்கள். நீங்கள் பாதையில் நடக்கும்போதும் உரக்கச் சொன்னார்கள். என் அண்ணிதான் எல்லோரிலும் உரக்க. என்னால் அதைத் தடுத்திருக்க முடியும். தடுக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் உங்கள் மேசையருகே வந்து, "இன்றும் ஒருமுறையேனும் அணையவில்லை, ஐயா" என்று அச்சுத்தமிழிலேயே அறிவித்தேன். நீங்கள் பேனாவின் மூடியைத் தேடுவீர்கள். நீங்கள் ஓய்வுபெறும் நாள்வரை இது நடந்தது. எனக்கு அது இனித்தது.

இன்று பிற்பகல் உங்கள் மகள் வந்தார். உங்கள் ஆண்டு நினைவுக்கு ஒரு பிரசுரம் அச்சிடுகிறார்களாம். "ஒங்க தமிழு நல்லா இருக்கும்னு அம்மா சொன்னாங்க அக்கா. கொஞ்சம் திருத்திக் குடுங்க." படித்தேன். நான்காம் வரி: 'எமது தோட்டத்தில் கணினியை இயங்கச் செய்த முன்னோடி.' சிவப்புப் பேனாவால் அதை அடித்தேன்.

"ஐயோ அக்கா, அதுதானே அப்பாவுக்குப் பெரும!"

நடந்ததைச் சொன்னேன், ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல். உங்கள் மகள் நின்றபடியே கேட்டார்.

"அப்பா ஒங்ககிட்ட மன்னிப்பே கேக்கலையா?"

"இல்லம்மா."

"எங்ககிட்டயும் எதுக்கும் கேட்டதில்ல" என்றார். பிறகு அடித்த வரியைக் காட்டி, "இந்த எடத்துல என்ன போடுறது?" என்றார்.

வெறுமையாக விடச் சொல்லத்தான் நா துடித்தது. ஆனால் பொய்யை அழித்தவள் மெய்யையும் மறைத்தால், உங்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? 'ஒருநாளும் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தி வராதவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மை. அதற்குமேல் ஓர் எழுத்தும் உங்களுக்கு நான் தரவில்லை.

அந்தக் கோப்பு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது, ஐயா. உங்கள் கடிதத்தை எந்த நாளும் கிழித்தெறியலாம், கேட்பார் இல்லை. ஆண்டுதோறும் கோப்புகளைத் தூசி தட்டும்போது அதை எடுத்துப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறேன். எழுதிய கையே எடுக்க வேண்டிய கடிதம் அது. அந்தக் கை இனி வராது. நான் அதை எடுக்கப்போவதில்லை.