நின்ற இடத்திலேயே ஓடிய வண்டி

இரும்புலியூர்,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி சுவிசேஷமுத்துவுக்கு, அண்ணி கெசியா எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் பிள்ளை ஜீவிதாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் தாங்க முடிகிறதா? போனில் எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம் அண்ணி என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். என் இஷ்டம் என்னவென்று எனக்கே தெரியாதபோது அந்தப் பதிலை வைத்து நான் என்ன செய்ய? அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் துரைராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உங்கள் அண்ணனுடைய லாரிதான். காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டல் கட்டும் ஒருவர் ஜல்லி ஏற்ற வண்டி கேட்கிறார். டிரைவரையும் அவரே போட்டுக்கொள்வாராம். ஆனால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் சத்யநாராயணன் வந்து பெருங்களத்தூர் வரை ஓட்டிப் பார்த்தார். மேம்பாலம் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்ததாம். புகைக்குழாயில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து இன்ஜினுக்குச் சொல்லும் சென்சார்கள் இரண்டும் போய்விட்டன என்கிறார்.

பைபாஸ் செய்துவிடலாம் என்றார். சின்னதாக ஒன்றை மாட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொள்ளுமாம். விளக்கு அணைந்துவிடும், நன்றாக இழுக்கும், நாளைக்கே லோடுக்குப் போகலாம். அதில் என்ன கெடுதல் என்று கேட்டேன். டீசல் கூடுதலாகக் குடிக்கும், கரும்புகை வரும், எஃப்.சி. சோதனைக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்றார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. உள்ளே நிஜமாகவே ஏதாவது கெட்டாலும் அந்த விளக்கு எரியாதாம்.

எனக்கும் அப்படி ஒன்றை மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது தம்பி. சபையில் எல்லாரும் கெசியா எவ்வளவு தைரியமாக இருக்கிறாள் என்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை. எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். சமைக்கிறேன், பள்ளிக்கரணையில் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். அண்ணன் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீங்கள் போனில் அழுதபோது கூட, அடுப்பில் பால் இருக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள்.

சத்யநாராயணன் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். ஒரே கரி. "யக்கா, வண்டிதான் ரோட்டுக்கே போவலியே, இவ்ளோ கரி எப்டி வந்துச்சி? யாரு டெய்லி ஸ்டார்ட் பண்ணி சும்மா வுட்டுகினு கீறது?" என்று கேட்டார்.

நான்தான். உங்கள் அண்ணன் போனதிலிருந்து, அவர் கிளம்பும் நேரத்துக்குக் காலையில் போய் இன்ஜினைப் போட்டுவிட்டு சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பேட்டரி இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சத்தத்தில்தான் ஜீவிதா பள்ளிக்கூடத்துக்கு எழுந்து பழக்கம், அது மாற வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீசல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் கரி அடைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மெக்கானிக் போனதும் ஜீவிதாவிடம் இனிமேல் காலையில் வண்டிச் சத்தம் இருக்காது என்றேன். புத்தகத்திலிருந்து நிமிராமலே சொன்னாள்: "அந்த சத்தம் கேட்டா அப்பா கிளம்புறாருன்னு நெனச்சுப்பேன்மா. ஆனா வண்டி போற சத்தம் மட்டும் வரவே வராது. அதுக்காக தினமும் காத்துட்டே படுத்திருப்பேன்."

அதனால் பைபாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது சென்சாரே போடட்டும், எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். எரிய வேண்டிய விளக்கு எரியட்டும். ஹாஸ்டல்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சாவி சத்யநாராயணனிடம் இருக்கிறது. என்னுடையதை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். கையில் இருந்தால் நாளைக் காலையும் போய் உட்கார்ந்துவிடுவேன். எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள் தம்பி. முதல் தடவை வண்டியை நீங்கள் எடுங்கள், அப்புறம் யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும். ஜீவிதா எழும் நேரத்துக்கு எடுத்து, தெருமுனை தாண்டி, சத்தம் தேயும் வரைக்கும் போங்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி கெசியா