பணம் கேட்க மறந்த வீடியோ

அன்புள்ள முனிரத்தினம்,

நீ இல்லாமல் ஒரு மாங்காய்ப் பருவம் வந்து போய்விட்டது. சித்தூர் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றபோதெல்லாம், தோல்பையை மாட்டிக்கொண்டு நீ அவற்றுக்கிடையே புகுந்து போவது போலவே இருந்தது. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக வந்திருக்கிறதா, தெரியவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் முன்கதை. நீ சித்தூர் பஸ் டிப்போவில் கண்டக்டர். நான் அங்கே கால அட்டவணை எழுதிய குமாஸ்தா. உன் தங்கை டயாலிசிஸுக்காக வரதய்யபாளையத்திலிருந்து திருப்பதிக்குப் பஸ் மாறி மாறிப் போயே ஓய்ந்துபோனாள். அவள் போன பிறகு, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் நீ ஒரு பழைய வேன் வாங்கினாய். வாரம் மூன்று நாள், எல்லைக் கிராமங்களின் நோயாளிகளைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சிகிச்சை முடிந்ததும் வீட்டில் விடும் வேன். கட்டணம் கிடையாது.

டீசலுக்காக நீ கடை கடையாக ஏறினாய். நான் ரசீதுப் புத்தகத்தோடு பின்னால் வந்தேன். கடைக்காரர் முகம் சுளித்தால் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். நீ சிரிப்பாய். "பஸ்ஸுல கைய நீட்டிக்கினே காலம் தள்ளினவன் சாமி நானு. எனக்கு இன்னா வெக்கம்?"

எனக்கு வெட்கம் இருந்தது. நீ போன பிறகு மூன்று மாதம் நானும் கடைவீதிக்குப் போனேன், முனிரத்தினம். வாசல்வரை போவேன், நாக்கு எழாது. "என்ன சாமி வேணும்?" என்று கேட்டுவிட்டால், கால் கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். வீட்டில் இன்னும் உளுந்து தீரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புத்தூரில் வேனின் என்ஜின் நின்றுபோனது. பழுது பார்ப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். கையிருப்பில் மாதக் கடைசி வரை வாடகை வண்டி ஓட்டலாம். அதற்குமேல் வழியில்லை. டயாலிசிஸ் ஒருமுறை தவறினால் கால் வீங்கும், இரண்டுமுறை தவறினால் மூச்சு முட்டும். அடுத்து என்ன என்பது உனக்குத் தெரியும்.

முதல் நிறுத்தத்தில் ஏறும் கோவிந்தம்மாவை நினைவிருக்கிறதா? ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்களைப் பூட்டும் வேலையில் இருந்தவள், வேனில் உன்னோடு வாய்க்கு வாய் பேசுகிறவள். அவள்தான் சொன்னாள். "இப்பல்லாம் போன்லயே கேக்கறாங்க சாமி. யாரும் யாரு வாசலுக்கும் போறதில்ல."

வாசலுக்குப் போகவேண்டாம் என்ற அந்தச் சொல் எனக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது தெரியுமா?

இணையத்தில் நன்கொடை திரட்டித்தரும் ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன். விவரங்களைப் பத்து வரியில் அனுப்பினேன். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள், அவர்களுடைய கம்ப்யூட்டர் அதை இரண்டு பக்க வேண்டுகோளாக்கி, தமிழில், தெலுங்கில், ஆங்கிலத்தில் என்று மூன்றாகத் திருப்பி அனுப்பிவிட்டது. நான் பிரமித்துப்போனேன். எம்.ஏ. படித்த நான் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் அப்படி எழுத மாட்டேன்.

கோவிந்தம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். 'தன் இரண்டு பிஞ்சுக் குழந்தைகளின் முகம் பார்த்துக் கண்ணீர் வடிக்கும் தாய்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாரு சாமி அது?"

"நீதான் போலிருக்கிறது."

"எனக்கு ரெண்டு புள்ளைங்களா? கல்யாணமே ஆவல, அதுக்குள்ள அந்த மெஷினு ரெண்டு பெத்துக் குடுத்துடுச்சா? அப்ப ஸ்கூல் பீஸையும் அதையே கட்டச் சொல்லுங்க!"

அன்று மாலையே நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மரியாதையாகத்தான் பேசினாள். "சார், பேஷண்ட் ஏடுஸ்துன்ன போட்டோ காவாலி." நோயாளி அழும் படம் வேண்டுமாம். அது இருந்தால்தான் பார்க்கிறவர்கள் கொடுப்பார்களாம். அவள் சொன்னது பொய்யில்லை என்றும் தோன்றியது. ஒரு கண்ணீருக்காக வேனில் வரும் ஐந்து பேரின் உயிரைப் பணயம் வைக்கலாமா? அப்போது நீ சொல்வது ஞாபகம் வந்தது. "ஏறினவன் மூஞ்சிய டிக்கெட்டுல அச்சடிக்கிறமா சாமி?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்தது சரிதானா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கோவிந்தம்மா சொன்னாள். "எங்க மூஞ்சி வேணாம்னா உங்க மூஞ்சியக் காட்டுங்க. நீங்க பேசுங்க, நான் புடிக்கிறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வாடகை வேனின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எழுதி வைத்திருந்த காகிதம் பையில் இருந்தது. போன் என்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பயத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று வாயில் வந்தது. வேனின் கால அட்டவணை.

காலை 7.10, வரதய்யபாளையம், ஒருவர். 7.35, சத்தியவேடு, இருவர். 8.10, நாகலாபுரம், ஒருவர். படி உயரம் என்பதால் அவருக்கு முக்காலி போடவேண்டும், அதற்கு இரண்டு நிமிடம் சேர்த்திருக்கிறேன். 8.30, பிச்சாட்டூர். அங்கே ஏறியவர் இப்போது இல்லை. ஆனாலும் வேன் ஒரு நிமிடம் நிற்கும். அந்த வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. 8.55, நாராயணவனம், ஒருவர்... இப்படியே திருப்பதி வரை சொல்லி, திரும்பும் நேரங்களையும் சொல்லி, "இப்போது என்ஜின் ஓடவில்லை. வணக்கம்" என்று எழுந்துவிட்டேன்.

கோவிந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி! எந்த வண்டி எப்ப வரும்னு டிப்போவுல சொல்றா மாதிரி சொல்லிட்டீங்க. துட்டே கேக்கலியே!"

மறுபடி எடுக்கலாம் என்றேன். அதற்குள் நர்ஸ் அவளைக் கூப்பிட்டுவிட்டாள். ஊசி குத்திய கையை அசைக்காமல், படுக்கையில் படுத்தபடியே மறுகையால் அந்த வீடியோவை அப்படியே போட்டுவிட்டாள். கீழே பணம் அனுப்புவதற்கான கட்டம் கட்டமான படத்தை ஒட்டியிருந்தாள். நான் திகைத்து நின்றேன். "பர்வாலேதுலே சாமி" என்று தெலுங்கில் சமாதானம் வேறு.

அதன்பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? அவள் சிகிச்சை முடிந்து எழுவதற்குள் போன் மூச்சுவிடாமல் சத்தமிட ஆரம்பித்தது. முதலில் ஒரு ரூபாய் வந்தது. இது என்ன கேலியா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "வழி சரியா கீதான்னு பாக்கறதுக்கு அனுப்பற ரூபா சாமி அது. பின்னாலயே வரும் பாருங்க." வந்தது. அதே பெயரில் ஐநூறு. என்னைப் போலவே பயந்த சுபாவமுள்ள யாரோ ஒருவர், ஒரு ரூபாயை முன்னால் நடக்கவிட்டு, அது பத்திரமாகச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு மற்றதை அனுப்பியிருக்கிறார். அவர் முகத்தை நான் பார்க்கப்போவதில்லை. அவரும் கோவிந்தம்மாவைப் பார்க்கப்போவதில்லை.

பணத்தோடு ஒரு வரி எழுதவும் இடமிருக்கிறது, முனிரத்தினம். 'சத்தியவேடு என் ஊர்.' 'நாகலாபுரத்து முக்காலிக்கு.' 'புத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கும் ஐந்து நிமிடம் சேருங்கள்.' பூனாவிலிருந்து, மஸ்கட்டிலிருந்து, பெயர்கூடத் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் தங்கள் நிறுத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். சிலர் மாதாமாதம் தானாகவே வந்துசேரும்படி ஏற்பாடு செய்துவிட்டார்கள். நீ படியேறிப் போய் ஞாபகப்படுத்த வேண்டிய வேலையே இல்லை. இதையெல்லாம் நீ நம்புவாயா? கைக்குக் கை படாமல் கொடுப்பதைக் கொடுப்பது என்று ஒத்துக்கொள்வாயா?

நானும் அதில் சந்தேகத்தோடுதான் இருந்தேன். மறுநாள் வந்த ஒரு வரி அதைத் தீர்த்தது. 'பிச்சாட்டூரில் ஏறியவர் எங்கள் நைனா. கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. அவருக்காக வேன் இன்னும் ஒரு நிமிடம் நிற்பது இன்றுதான் தெரியும். அந்த நிமிடத்தை எடுத்துவிடாதீர்கள்.'

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கோவிந்தம்மா பார்த்துவிட்டாள். "அந்தப் பொண்ணு கேட்ட போட்டோ இதான். கொஞ்சம் லேட்டு" என்றாள்.

புது என்ஜின் போட்டாயிற்று. போன திங்கட்கிழமை முதல் ஓட்டத்தில் நானும் போனேன். பிச்சாட்டூரில் வேன் நின்றது. யாரும் ஏறவில்லை. ஒரு நிமிடம் முடிந்ததும் கோவிந்தம்மா உன்னைப் போலவே "ரைட்" என்றாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உன் பழைய கடைக்காரர்களில் பலரிடம் அந்த மாதிரி போன் இல்லை. மார்க்கெட்டில் உனக்கு எப்போதும் சில்லறையாகவே கொடுக்கும் வெல்லமண்டிப் பெரியவர் போன வாரம் என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னா சாமி, முனிரத்தினம் போனதுலேர்ந்து எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதே இல்லியே. எம்மேல கோவமா?" கேட்காமல் இருப்பதும் ஒருவரைத் தள்ளிவைப்பதுதான் என்று எனக்கு இத்தனை வயதில் தெரிகிறது.

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை உன் தோல்பையை மாட்டிக்கொண்டு அவர் கடைப் படியேறுவேன். உளுந்து வாங்க மாட்டேன். வாயைத் திறந்து கேட்பேன். குரல் நடுங்கினாலும் கேட்பேன்.

கேட்பதை உன்னிடமிருந்தே தொடங்குகிறேனே. கடைசி நாள்வரை நீ என்னைச் சாமி என்றே கூப்பிட்டாய். அண்ணா என்று கூப்பிடேன் என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்து, சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன், முனிரத்தினம்.

உன் அண்ணன்,
வரதராஜன்
சித்தூர்